வீட்டோடு ஒட்டிய பட்டறையில் ஒன்றரை டன் தூக்குவது: கோவையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவை கணபதிப் பகுதியில் வீட்டுக்குப் பின்பக்கம் பதினாறடி அகலம், முப்பதடி நீளத்தில் ஒரு ஷெட். அதன் உரிமையாளர் ஒரு கம்பெனியில் டர்னராக, அதாவது லேத் (கடைசல் எந்திரம்) ஓட்டுபவராக, பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஜாப் ஆர்டர் எடுக்கத் தொடங்கியவர். அவரோடு அவருடைய மைத்துனரும் ஒரு உதவியாளரும் உண்டு. பம்ப் பாகங்களும் மோட்டார் ஷாஃப்ட்டும்தான் அதிகம் வரும். 2022 தொடக்கத்தில் கொஞ்சம் பெரிய வேலைகள் கேட்டு வந்தார்கள்: 150 முதல் 300 கிலோ வரை எடையுள்ள கேசிங் (வெளிக்கூடு) வார்ப்புகள். இருந்த நாலரை அடி லேத்தில் அவை ஏறாது. ஆறரை அடி லேத் ஒன்று பழையதாக விலைக்கு வந்தது. அதை வாங்க முன்பணம் கொடுத்த பிறகுதான், எப்படி உள்ளே கொண்டு வந்து வைப்பது என்ற கேள்வி எழுந்தது.

நான் ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் இருந்தவன். உரிமையாளர் எனக்குத் தெரிந்த குடும்பம். கீழே சொல்வதில் முதல் சம்பவம் நடந்தபோது நான் அங்கே இல்லை. மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டும், வளைந்த பைப்பைப் பார்த்தும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நடந்தவற்றில் நானும் கூட இருந்தேன்.

முதல் முயற்சி: மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் செயின் பிளாக்

புது லேத்துக்கு இடம் வேண்டும் என்றால் பழைய நாலரை அடி லேத்தை ஓரமாக நகர்த்த வேண்டும். அதற்காக உரிமையாளர் ஒரு பழைய இரும்புக் கடையில் 1 டன் செயின் பிளாக்கை (கைச் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி) 3,500 ரூபாய்க்கு வாங்கினார். புதிதாக வாங்கினால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகும் என்பதால் நல்ல பேரம் என்று நினைத்தார். அது கரகரவென்று சத்தம் போட்டது. மைத்துனர் மூடியின் இடுக்கு வழியாக எண்ணெய் விட்டார். சத்தம் நின்றது.

ஷெட்டின் கூரையைத் தாங்கும் ட்ரஸ்ஸின் கீழ்ப் பைப்பில், அதாவது இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்பில், அதைத் தொங்கவிட்டார்கள். லேத்தின் ஹெட்ஸ்டாக் பக்கத்தை, அதாவது வேலைப்பொருளைச் சுழற்றும் தலைப்பக்கத்தை, மட்டும் தூக்கி அடியில் பைப் உருளை செருகுவது திட்டம். ஒரு பக்கம்தானே, பாதி எடைதானே வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

பாதி வராது. லேத்தின் எடையில் பெரும்பங்கு ஹெட்ஸ்டாக் பக்கம்தான் இருக்கிறது. கியர், ஸ்பிண்டில் (சுழலும் தண்டு), சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பிடி), பல சமயம் மோட்டாரும் அந்தப் பக்கமே. நான்கு அங்குலம் ஏறியதும் உதவியாளர் உருளையைச் செருகக் குனிந்தார். அப்போது சுமை தானாகவே நான்கு விரற்கடை கீழே இறங்கியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். மேலே பார்த்தால் ட்ரஸ் பைப் ஒன்றரை அங்குலம் தொங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. அன்று மாலையே எனக்குப் போன் வந்தது.

என்ன பழுது என்று பார்த்தது

மறுநாள் செயின் பிளாக்கைப் பிரித்தோம். கையால் இழுக்கும் செயின் பிளாக்கில் சுமையைப் பிடித்து நிறுத்துவது உராய்வுத் தட்டுகளும், ஒரு ராட்செட் பல்சக்கரமும், அதில் விழும் சிறு நாக்கும்தான். சுமையின் எடையே தட்டுகளை இறுக்கும். எடை கூடக்கூடப் பிடியும் கூடும் என்பதே அந்த அமைப்பின் அழகு. ஆனால் உராய்வுத் தட்டு உலர்ந்திருக்க வேண்டும். இங்கே மைத்துனர் விட்ட எண்ணெய் நேராகத் தட்டுக்குப் போயிருந்தது. அதோடு நாக்கின் ஸ்பிரிங் உடைந்து, நாக்கு பல்லில் விழாமல் பாதியில் நின்றது.

இதை வெளியிலிருந்தே கண்டுபிடித்திருக்க முடியும். நல்ல செயின் பிளாக்கில் சுமை ஏறும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அது நாக்கு பல்மேல் ஏறி விழும் சத்தம். அது கேட்கவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இவர்களுக்குக் கேட்டதெல்லாம் தேய்ந்த கியரின் கரகரப்பு. அது நின்றதும் பிளாக் சரியாகிவிட்டதாக நினைத்துவிட்டார்கள்.

“ஏனுங்கண்ணா, அதுமேல ஒரு டன்னுன்னு போட்டிருக்குதுங்களே?” என்று உரிமையாளர் கேட்டார். போட்டிருந்தது உண்மைதான். அந்த எழுத்து பிளாக் புதிதாக இருந்த நாளுக்குப் பொருந்தும். கொக்கியின் வாயும் கொஞ்சம் அகன்றிருந்தது. யாரோ ஒருமுறை அதன்மேல் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. சங்கிலியின் கண்ணியை வெர்னியரில் அளந்தோம். இரு கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தது. அந்த அளவு தேய்ந்தால் சங்கிலியைக் கழிப்பதுதான் வழக்கம்.

ட்ரஸ் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. கூரை ட்ரஸ் தகரத்தையும் காற்றையும் தாங்கச் செய்தது. அதன் கீழ்ப் பைப்பின் நடுவில் சுமை தொங்கவிடும் வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. பைப் வளையாத வரை யாரும் நிறுத்துவதுமில்லை.

எடை: சொன்னதும் இருந்ததும்

புது லேத் 800 கிலோ இருக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அந்த எண்ணை நம்பியிருந்தால் 1 டன் கருவியே போதும் என்று முடிவாகியிருக்கும். வண்டியை வெறுமையாக ஒருமுறை எடை மேடையில் ஏற்றி, லேத்தோடு மறுபடி ஏற்றச் சொன்னேன். வித்தியாசம் 1,340 கிலோ.

இந்த நிகழ்வில் ஆன செலவுகளிலேயே மிகக் குறைந்தது எடை மேடைக் கட்டணம்தான். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்தச் சீட்டை வைத்தே எடுக்கப்பட்டது. எடை மேடைக்குப் போக முடியாத பொருள் என்றால் அளந்து கணக்குப் போடலாம். உருக்கு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன், வார்ப்பிரும்பு சுமார் 7.2 டன். வரும் கேசிங்குகளுக்கு இப்போதும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

வாடகையா, வாங்குவதா

ஹைட்ரா என்னும் ஓடும் கிரேனை வாடகைக்கு அழைப்பதுதான் முதலில் தோன்றியது. ஆனால் வீட்டுக்குப் போகும் சந்து பத்தடி அகலம், மேலே மின்கம்பி. கம்பிக்கு அருகில் கிரேன் கையை உயர்த்துவதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. தெருமுக்கில் கம்பி இல்லாத திறந்த இடம் இருந்தது. அங்கே வண்டியிலிருந்து இறக்க மட்டும் ஹைட்ரா, அங்கிருந்து ஷெட் வரை நாற்பது மீட்டர் உருளையில் என்று பிரித்தோம்.

ஷெட்டுக்குள் என்ன செய்வது என்பதில்தான் நேரம் போனது. மைத்துனர் எஞ்சின் கிரேன் வாங்கலாம் என்றார். சக்கரத்தில் நகரும், ஹைட்ராலிக் கை உள்ள அந்த வகையில் 2 டன் என்று எழுதியிருந்தாலும், அது கையை முழுக்க உள்ளே இழுத்து வைத்தால்தான். கையை முழுக்க நீட்டினால் பெரும்பாலும் அரை டன்தான் தாங்கும். லேத்தின் நடுப்பகுதியை எட்ட வேண்டுமென்றால் நீட்டாமல் முடியாது. அதன் கால்களும் லேத்தின் அடியில் நுழைய இடம் வேண்டும்.

பக்கத்தில் போர்வெல் மோட்டார் தூக்குபவரிடம் இரும்பு முக்காலி இருந்தது, இரவல் கிடைக்கும். நேராகக் கிணற்றிலிருந்து மேலே இழுக்க அது நல்ல கருவி. ஆனால் தூக்கியதைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாது. கொஞ்சம் இழுத்து வைக்கலாமே என்று ஆசைப்பட்டால் கால் ஒன்று எழும்பிவிடும். கேசிங்கைத் தரையிலிருந்து எடுத்துச் சக்குக்குக் கொண்டு போவதென்பது பக்கவாட்டு வேலைதான்.

கேன்ட்ரி என்று முடிவானது அதனால்தான்: இரண்டு பக்கமும் ஏ வடிவக் கால், மேலே ஐ பீம், அதில் ஓடும் டிராலி, டிராலியில் செயின் பிளாக். ஆயத்தமாக விற்கும் கேன்ட்ரிக்கு விசாரித்தபோது லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். கையில் ஐம்பதாயிரம்தான் இருந்தது.

எதைப் பழசாக வாங்கினோம், எதைப் புதிதாக வாங்கினோம்

இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். பீம், கால், அடிக்கட்டை எல்லாம் வெறும் இரும்பு. துரு இருக்கிறதா, வளைவு இருக்கிறதா, யாராவது ஓட்டை போட்டிருக்கிறார்களா, பழைய வெல்டிங் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், நூல் பிடித்து அளக்கலாம். அவற்றைப் பழைய இரும்புக் கடையில் கிலோ விலைக்கு எடுத்தோம். செயின் பிளாக்கும் டிராலியும் அப்படியில்லை. பழுது மூடிக்குள் இருக்கும். அவற்றைப் புதிதாக, பில்லோடும் சோதனைச் சான்றிதழோடும் வாங்கினோம். கைச் செயின் பிளாக்குக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3832. அந்த எண் பிளாக்கின் தகட்டில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினோம். ஸ்லிங் பெல்ட்டும், அதாவது சுமையைச் சுற்றிக் கொக்கியில் மாட்டும் பட்டையும், புதியதுதான். 2 டன் பாலியஸ்டர் பெல்ட் பச்சை நிறத்தில் வரும், 1 டன் ஊதா, 3 டன் மஞ்சள். பெயர்ச்சீட்டு கிழிந்த பெல்ட்டை நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லி வைத்தேன்.

பீம் 200 மி.மீ. உயரமுள்ள ஐ.எஸ்.எம்.பி. வகை (இந்தியத் தரநிலைப்படியான நடுத்தர ஐ பீம்), மீட்டருக்கு 25 கிலோ சொச்சம். கால்களுக்கு இடைவெளி 3.6 மீட்டர். நடுவில் 2 டன் தொங்கினால் பீமில் வரும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 80 நியூட்டனுக்குள் நிற்கிறது. வளைவு 4 மி.மீ. சொச்சம். மென்உருக்குக்கு இது நன்றாகவே பாதுகாப்பான இடம். 150 மி.மீ. பீம் இன்னும் மலிவாகக் கிடைத்தது. அதில் இதே சுமைக்கு அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். விலை வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்தான். உரிமையாளர் யோசிக்காமல் பெரியதை எடுத்தார்.

உயரத்தில் ஒரு தவறு நடக்க இருந்தது. ஷெட் உயரம் பதினோரு அடி, பீம் ஒன்பதடியில் நின்றால் தாராளம் என்று நினைத்தோம். டிராலியும் பிளாக்கும் சேர்ந்து அரை மீட்டரைத் தின்றுவிடும். கொக்கி உச்சியில் நிற்கும்போது தரையிலிருந்து 2.2 மீட்டர்தான் மிஞ்சும். லேத் 1.2 மீட்டர், அதற்கு மேல் பெல்ட்டுக்கு உயரம் வேண்டும். தரையிலிருந்து ஓரடி தூக்கி வைக்க இது போதும். லாரியிலிருந்து இறக்கப் போதாது. அதனால்தான் ஹைட்ராவை விட்டுவிட முடியவில்லை.

வெல்டிங்குக்குச் சான்று பெற்ற வெல்டர் ஒருவரை அழைத்தோம். காலும் பீமும் சேரும் இடத்தில் போல்ட்டு, மூலைத் தாங்கு இரண்டு பக்கமும். பழைய இரும்பு 255 கிலோ, வெல்டிங் கூலி, நான்கு சக்கரம், செயின் பிளாக், டிராலி, பெல்ட் எல்லாம் சேர்ந்து ஐம்பத்து இரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் அந்தப் புதுப் பொருள்களுக்கே போனது.

சோதனை

பீம் கணக்கு 2 டன்னுக்கு. ஆனால் பீமில் பெயின்டில் எழுதியது ‘1.5 டன்’. எழுதியதன் ஒன்றேகால் பங்கு, அதாவது 1,875 கிலோவுக்குப் பக்கத்தில் வரும்படி, தெரிந்த ஃபவுண்டரியிலிருந்து எடை போட்ட வார்ப்புத் துண்டுகளை இரவல் வாங்கினோம். தரையிலிருந்து நான்கு அங்குலம் மட்டும் தூக்கி, கால் மணி நேரம் விட்டோம். சுமைக்கு அடியில் மரக்கட்டை அடுக்கியிருந்தோம், விழுந்தால் இரண்டு அங்குலம்தான் விழும். பீமின் இரு முனைக்கும் நூல் கட்டி நடுவில் அளந்தபோது வளைவு 5 மி.மீ. இருந்தது. இறக்கியதும் நூல் பழைய இடத்துக்கே வந்தது. வெல்டிங் இடங்களைச் சுத்தம் செய்து கண்ணாடி வைத்துப் பார்த்தோம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் எந்திரங்களையும் சங்கிலிகளையும் தகுதி பெற்றவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்று சொன்னது. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் வந்தது. மூன்று பேர் உள்ள ஷெட்டுக்கு அது வரவில்லை. அதாவது இங்கே வந்து பார்க்க யாரும் இல்லை. உரிமையாளர் ஒரு நோட்டு வாங்கி, கொக்கி வாய், சங்கிலித் தடிமன், பெல்ட்டின் நிலை ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை எழுதத் தொடங்கினார்.

லேத் உள்ளே வந்த நாள்

தெருமுக்கில் ஹைட்ரா இறக்கியது. லேத் உயரமானது, அகலம் குறைந்தது. அப்படியே உருட்டினால் பக்கவாட்டில் சாயும். அதனால் அதன் கால் ஓட்டைகளில் போல்ட்டு போட்டு, குறுக்கே நான்கடி நீளச் சேனல்கள் இரண்டைப் பொருத்தி, அவற்றுக்கு அடியில் நீளவாக்கில் கட்டைகள் கொடுத்தோம். ஒன்றரை அங்குலக் கனமான பைப் எட்டு. பின்னால் வெளிவருவதை எடுத்து முன்னால் போடுவது. கடப்பாரை இரண்டு, ஆள் ஐந்து. சந்து சாக்கடைப் பக்கம் சரிந்திருந்தது. அதனால் பின்னாலிருந்து ஒரு கயிறு, கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றி ஒருவர் விட்டுக்கொடுத்தபடி வந்தார். நாற்பது மீட்டருக்கு இரண்டரை மணி நேரம். அவசரப்படாததில் எனக்கு நிறைவு.

கேன்ட்ரியில் தூக்கும்போது லேத்தின் மேல் நகரும் பாகங்களான சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் ஹெட்ஸ்டாக்குக்கு எதிர்முனை வரை தள்ளி இறுக்கினோம். ஹெட்ஸ்டாக்கின் எடையை அது கொஞ்சம் ஈடுகட்டும். பெல்ட் சுற்றியது லேத்தின் நீளமான உடலான ‘பெட்’டைத்தான், லீட் ஸ்க்ரூ என்னும் நீளத் திருகுத் தண்டைத் தொடாமல், இடையில் மரத்துண்டு கொடுத்து. பெல்ட்டின் இரு கால்களும், அதாவது கொக்கியிலிருந்து இரு பக்கமும் இறங்கும் பகுதிகளும், படுத்துவிடாமல் பார்த்தோம். கால் ஒவ்வொன்றும் கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒரு காலில் 775 கிலோதான் இழுக்கும், 30 டிகிரிக்குப் படுத்தால் 1,340 கிலோ முழுதும் ஒவ்வொரு காலிலும் வரும். முதலில் இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தினோம். டெயில்ஸ்டாக் பக்கம் உயர்ந்தது. இறக்கி, பெல்ட்டை ஒரு சாண் ஹெட்ஸ்டாக் பக்கம் நகர்த்தி, மறுபடி. மூன்றாவது தடவை சமமாக நின்றது. ‘டிக் டிக்’ கேட்டுக்கொண்டே இருந்தது. உதவியாளர் அதை எண்ணிக்கொண்டே சங்கிலி இழுத்தார்.

அப்புறம் நடந்தது

2022 அக்டோபரில் ஒரு தவறு. 280 கிலோ கேசிங்கைத் தொங்கவிட்டபடியே கேன்ட்ரியை ஷெட் நீளத்துக்குத் தள்ளினார்கள். தரையில் இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடுக்கில் ஒரு சக்கரம் மாட்டியது. கேசிங் ஊசலாடி லேத்தின் கைப்பிடியை உடைத்தது. அடிக்கட்டை ஐந்தடி அகலமாக இருந்ததால் கேன்ட்ரி சாயவில்லை. இதில் என் பொறுப்பும் உண்டு. சுமையோடு நகர்த்தக் கூடாது என்று வாயால் சொல்லியிருந்தேன். நகர்த்த முடியாதபடி செய்து கொடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு காலிலும் ஸ்க்ரூ ஜாக்கி வைத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகே தூக்குவது என்று ஆக்கினோம்.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால்

கேன்ட்ரி லேத் வைக்க நன்றாக உதவியது. ஆனால் தினசரி வேலை 1.3 டன் அல்ல; 150, 200 கிலோ கேசிங்கை எடுத்துச் சக்கில் மாட்டுவதுதான். அதற்குக் கேன்ட்ரி பெரிது, மெதுவானது. 2 டன் பிளாக்கில் கைச் சங்கிலியை நிறைய இழுக்க வேண்டும். 30 கிலோ இழுவையில் 1 டன்னை 1 மீட்டர் ஏற்றினால் உராய்வே இல்லாவிட்டாலும் 33 மீட்டர் சங்கிலி ஓடும். சுமை சின்னதாக இருந்தாலும் ஓடும் நீளம் குறையாது. நாளைக்கு எட்டுத் தடவை இப்படி இழுத்து உதவியாளருக்குத் தோள் வலி வந்தது. லேத்துக்குப் பக்கத்தில் அரை டன் ஜிப் (ஒரு பக்கம் மட்டும் தாங்கி நீளும் கை உள்ள சிறு கிரேன்) ஒன்றை முதலிலேயே நிறுத்தி, லேத்தை இடத்தில் வைக்கக் கேன்ட்ரியை வாடகைக்கு எடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

2024இல் அந்த ஜிப்பை வைத்தார்கள். உரிமையாளர் செலவைக் குறைக்கச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார். கை 2 மீட்டர், மேல் கீழ் பிராக்கெட்டுக்கு இடையே 2.5 மீட்டர் என்றால், 500 கிலோ தொங்கும்போது மேல் பிராக்கெட் சுவரை 400 கிலோ விசையில் வெளியே பிடுங்கும். ஷெட் சுவர் ஹாலோ பிளாக். தனித் தூணும் அதற்குக் கம்பி கட்டிய அஸ்திவாரமும் போட்டார்கள்.

அந்தப் பழைய 1 டன் செயின் பிளாக் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது. போர்வெல் வேலைக்காரர் ஒருவர் மூவாயிரத்துக்குக் கேட்டார். உரிமையாளர் கொடுக்கவில்லை. கொக்கி இரண்டையும் கேஸ் கட்டரில் வெட்டி, சங்கிலியை நான்கு துண்டாக்கி, கிலோ கணக்கில் போட்டார். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் கிடைத்தது.